மணலுக்குள் வைத்த தேசிக்காய்

பண்டாரவளையில் இப்றாஹீம் முதலாளி வீட்டுப் பின்கட்டில் ஸவாஹிரா மவுத்தானபோது நானும் மய்யித்து அடக்கத்துக்குப் போயிருந்தேன். அங்கே வந்திருந்த ஒரு பெரிய மனிதர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "பாவம், ஒண்டும் தெரியாத மனுஷி" என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். மவுத்தானவர்களைப் பற்றி அப்படிச் சொல்வதை நம்மவர்கள் ஒரு மரியாதையாகவே வைத்திருக்கிறார்கள். எனக்கோ உச்சந்தலை வரை எரிந்தது. மய்யித்து வீட்டில் சண்டை பிடிக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு பதுளைக்குத் திரும்பினேன். அந்தப் பெரிய மனிதருக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம் அது. பதுளைக்கு எது வந்தாலும் மாட்டு வண்டியில்தான் வந்தாக வேண்டும். எங்கள் எதிர்வீட்டில் ஸவாஹிராவும் அவள் புருஷன், நாங்கள் அண்ணன் முறையில் கூப்பிடும் மஹ்ரூப் நானாவும் இருந்தார்கள். வீட்டின் முன்பக்கம் கடை, அதை ஒட்டிச் சரக்கு அறை, பின்னால் குடியிருப்பு. நானாவுக்குத் தேசிக்காய் வியாபாரம். பிபிலைப் பக்கத்தில் காய்ப்பதை வாங்கி, பசறை வழியாக வண்டியில் கொண்டுவருவார். நாங்கள் தேசிக்காய் என்பதைத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எலுமிச்சம்பழம் என்பார்கள். பெயர் எதுவானாலும் அது வேண்டாத இடமில்லை. துரைமாருக்கு அந்தியானால் பங்களாவில் பிழிய வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் காய்ச்சல்காரனுக்குக் கரைத்துக் கொடுக்க வேண்டும். மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் தோட்டத்துக்குத் தோட்டம் மாலை கட்ட வேண்டும்.

ஆனால் தேசிக்காய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வந்தால் மலைபோல வரும், போனால் மருந்துக்கும் இராது. மார்கழியில் தெருவில் உருண்டு கிடப்பதை மாடு கூட முகர்ந்து பார்க்காது. சித்திரை பிறந்துவிட்டாலோ பதுளைச் சந்தை முழுக்கச் சல்லடை போட்டாலும் ஒன்று அகப்படாது. அந்த வறண்ட காலத்திலும் மஹ்ரூப் நானாவிடம் மட்டும் காய் இருக்கும், அதுவும் நேற்றுப் பறித்தது மாதிரி. "மஹ்ரூபுடைய கைராசி" என்று ஊர் சொல்லும். பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கப் போகிறவர்கள்கூட அவர் கையால் ஒரு காய் வாங்கிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன்.

கைராசியும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. எல்லாம் ஸவாஹிரா பார்த்த வேலை.

அவள் கல்யாணமாகி வந்த வருஷம், அறையில் குவித்துப் போட்டிருந்த காயில் பாதி அழுகிப் போனது. அழுகலைப் பொறுக்கிக் கொட்டும் வேலை புதுப் பெண்ணின் தலையில் விழுந்தது. மற்றவர்களானால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டியிருப்பார்கள். இவள் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொட்டினாள். காம்பு பிய்ந்த காய் முதலில் போகிறது. மழையில் நனைந்து வந்தது அடுத்துப் போகிறது. நல்ல காயும் கெட்டதை ஒட்டிக் கிடந்தால் தப்பவில்லை. இதை அவள் புருஷனிடம் சொல்ல, அவர் கேட்டார். அந்த மனுஷனிடம் கைராசி என்று ஒன்று இருந்ததென்றால் அது இதுதான்: பெண்சாதி சொன்னால் கேட்பார்.

அதற்குப் பிறகு அந்த அறை அவளுடைய ராஜ்ஜியமாகிவிட்டது. காம்போடு வெட்டி வந்த காயை மட்டும் உள்ளே எடுப்பாள். தண்ணீர் காட்டமாட்டாள், துணியால் துடைத்து, உள்ளங்கையில் துளி தேங்காய் எண்ணெய் தடவி ஒவ்வொன்றையும் உருட்டி எடுப்பாள். முதலில் விற்க வேண்டியதை மூங்கில் தட்டுகளில் ஒன்றோடொன்று படாமல் பரப்பி வைப்பாள். பொழுது சாய்ந்ததும் ஜன்னலைத் திறந்து மலைக்குளிரை உள்ளே விடுவாள், வெயில் ஏறுமுன் அடைப்பாள். தட்டுக் காயைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசிக்கு வேண்டியதற்கு வேறு வழி. பதுளு ஓயா ஆற்று மணலை அலசி, காயவைத்து, போதாதென்று சட்டியில் வறுத்து ஆறவிடுவாள். பெரிய மண் சாடிக்குள் ஒரு வரிசை மணல், ஒரு வரிசை காய் என்று அடுக்கி, வாயைப் பலகையால் மூடிக் களிமண் பூசிவிடுவாள். அப்படி நாலு சாடி. வைகாசி வரை அதைத் தொடக்கூடாது.

கதவைத் திறந்ததும் ஒரு தரம் மூச்சை இழுப்பாள். எந்தத் தட்டில் பழுது என்று தெரிந்துவிடும், நேரே போய் எடுத்துவிடுவாள். மஹ்ரூப் நானா இதையெல்லாம் மறைக்கவும் இல்லை. "எல்லாம் வீட்டில பாத்துக்கிறாங்க" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வார். ஊர் அதை அவருடைய பணிவு என்று எடுத்துக்கொண்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஒரு மார்கழியில் பிபிலைக்குப் போன இடத்தில் அவரைக் காய்ச்சல் பிடித்தது. காய்க்குப் போன வண்டியில் அவரைத்தான் கொண்டுவந்தார்கள். வந்த மூன்றாம் நாள் மவுத்தானார். ஸவாஹிராவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பல் விழுந்து முளைக்கிற வயதில் காமிலா என்று ஒரே மகள். மற்றபடி அவளுக்கென்று மிஞ்சியது முந்தின நடைகளில் வந்து தட்டுகளிலும் சாடிகளிலும் இருந்த அந்த வருஷத்துக் காய்தான். மஹ்ரூப் படுக்கையில் கிடந்தபோதே எல்லாவற்றையும் அடுக்கி முடித்திருந்தாள். ஒரு பக்கம் புருஷனுக்குத் தலையில் பற்றுப் போடுவாள், மறுபக்கம் மணல் வறுப்பாள். அதைக்கூடச் சிலர் பின்னால் குற்றமாகச் சொன்னார்கள்.

புருஷன் போனால் பெண்ணுக்கு இத்தா. நாலு மாதம் பத்து நாள் வெள்ளை உடுத்து வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண் கண்ணில் படக்கூடாது. இது மார்க்கம். எங்கள் ஊர் அதோடு நிற்கவில்லை. இத்தா வீட்டு ஜன்னல் திறந்திருக்கக்கூடாது என்றார்கள். அவள் குரல் வெளியே கேட்கக்கூடாது, பின்னறையை விட்டு முன்பக்கம் கால் வைக்கக்கூடாது என்றும் சொன்னார்கள். பின்னாளில் மார்க்கம் படித்த ஓர் ஆலிமிடம் கேட்டேன். சொந்த வீட்டுக்குள் நடமாடுவதை எந்தக் கிதாபும் தடுக்கவில்லை என்றார். அந்த ஆலிம் பத்து வருஷம் முந்தி வந்திருக்கலாம்.

எல்லாக் காரியத்தையும் எடுத்துச் செய்தவர் மஹ்ரூபின் மூத்தவர், பண்டாரவளை இப்றாஹீம் முதலாளி. அவர் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். தம்பி குடும்பத்தைத் தாங்க வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தார். தெருவைப் பார்த்த ஜன்னல்கள் அத்தனையையும் பலகை வைத்து ஆணி அறைந்தார், சரக்கு அறை ஜன்னலையும் சேர்த்து. ஆணில்லாத வீட்டில் களவு போய்விடக்கூடாது என்று அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். தாயின் துக்கத்தைப் பிள்ளை பார்க்க வேண்டாம் என்று காமிலாவையும் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். காற்றும் போயிற்று, சாவியும் போயிற்று, அவளுக்குக் கைகாலாக ஓடக்கூடிய ஒரே பிள்ளையும் போயிற்று. எல்லாம் அன்பினால்.

இத்தாவுக்குத் துணையாக ஒரு வயதான விதவை வேண்டும் என்றபோது என் உம்மா ஜெனீரா போய்த் தங்கினார். நான் சொல்வதில் பாதி அவர் சொல்லித் தெரிந்தது. உம்மா ஐந்து வேளைத் தொழுகையும் ஆறாவது வேளையாக ஊருக்குப் பயப்படுவதையும் தவறவிடாத மனுஷி.

பின்னறைக்கும் சரக்கு அறைக்கும் நடுவே ஒற்றைச் சுவர். சில வாரம் போன பிறகு ஒரு நாள் விடியற்காலைத் தொழுகை முடிந்து ஸவாஹிரா அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். என்ன புள்ள என்று உம்மா கேட்டதற்கு, "ஒண்டு பழுதாப் போச்சு ராத்தா. கதவுப் பக்கத்துத் தட்டு. இண்டைக்கே எடுத்தா மத்தது தப்பும்" என்றாள். உம்மாவுக்குச் சாம்பிராணி வாசத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. துக்கத்தில் மூளை குழம்பிவிட்டது என்று பயந்து, ஓதித் தண்ணீர் கொடுத்தார்.

அவள் விடவில்லை. இப்றாஹீம் நானாவிடம் சாவி கேட்டு ஆள் அனுப்பச் சொன்னாள். பண்டாரவளைக்குப் போகும் வண்டிக்காரனிடம் சொல்லிவிட்டார்கள். பதில் வர ஒரு வாரம் ஆனது. இத்தாவில் இருக்கிற பெண்ணுக்குத் தேசிக்காய்க் கவலை எதற்கு, மறுமையை நினைக்கச் சொல்லுங்கள், சரக்கை நான் வந்து பார்க்கிறேன் என்று பதில். அதற்குள் அந்த வாசம் உம்மாவுக்கே தெரிய ஆரம்பித்துவிட்டது. அறையின் பூட்டை உடைத்தாவது உள்ளே போகிறேன், நடுப்பகலில் ஆண் நடமாட்டமில்லாத நேரத்தில் நாலு எட்டுத்தானே என்று ஸவாஹிரா காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டிருக்கிறாள். உம்மா கதவுக்குக் குறுக்கே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார். நாளைக்கு ஊர் ஒரு சொல் சொல்லிவிட்டால் அவளுக்கும் கேடு, அவள் மகளுக்கும் கேடு என்பது உம்மாவின் கணக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் அழுகல் தட்டுத் தட்டாக நகர்ந்தது. இந்தப் பக்கம் அவள் அது எங்கே வந்திருக்கிறது என்று உம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். உம்மா கடைசியில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டதாகச் சொன்னார்.

மாசி முடிகிற சமயம் இப்றாஹீம் முதலாளி வந்து கதவைத் திறந்தார். தெரு முழுக்க மூக்கைப் பொத்தியது. எதிரே என் தையல் கடையில் மெஷினில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து கதவைச் சாத்தினேன். கூடை கூடையாக அள்ளி ஓயாவில் கொட்டினார்கள், தட்டுகளையும் விறகுக்கு உடைத்துவிட்டார்கள். உள்ளே சுரண்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஸவாஹிரா சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். எல்லாம் ஓய்ந்த பிறகு உம்மாவிடம் ஒன்றுதான் கேட்டாள்: சாடிகளை அசைத்தார்களா? இல்லை, மண்சாடி என்று மூலையிலேயே விட்டுவிட்டார்கள் என்றதும் எழுந்து முகம் கழுவிச் சோறு கேட்டாள்.

இப்றாஹீம் முதலாளி திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, உம்மா மூலமாகத் தன் முடிவைச் சொன்னார். தம்பியோடு அவன் பரக்கத்தும் கைராசியும் போய்விட்டது, இனி இந்த வீட்டை வைத்து என்ன செய்வது, இத்தா முடிந்ததும் ஸவாஹிரா பண்டாரவளைக்கு வந்துவிடட்டும், பின்கட்டில் இடமிருக்கிறது, காமிலாவும் அங்கே நன்றாகப் பழகிவிட்டாள் என்றார். காமிலா எப்படிப் பழகிவிட்டாள் என்பது ஊருக்கே தெரியும். முதலாளியின் மனைவி ஹம்ஸியாவுக்குக் கைக்குழந்தை இரண்டு. காமிலாவின் இடுப்பு காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

அப்போதுதான் சின்னராசா வந்தான். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வண்டி ஓட்டுகிறவன், வருஷா வருஷம் திருவிழாப் பழம் ஏற்றிப் போகிறவன். பின்வேலிக்கு வெளியே நின்று, மஹ்ரூப் முதலாளி இல்லாவிட்டாலும் இந்த வருஷமும் பழம் கிடைக்குமா என்று கங்காணி கேட்டுவரச் சொன்னார் என்றான். வைகாசித் திருவிழா, ஆத்தாளுக்கு மாலை கட்டியாக வேண்டும். இங்கே கிடைத்தால் எந்நாளும் இங்கேயே வாங்குவோம், சுற்றுத் தோட்டத்துக்காரர்களும் வாங்குவார்கள், இல்லையென்றால் கொஸ்லந்தப் பக்கத்தில் வேறொரு வியாபாரியைப் பார்க்க வேண்டியதுதான் என்பது கங்காணியின் பேச்சு. வண்டி என்றைக்கு வரும் என்று கேட்டால், அவன் சொன்னது இத்தா முடிகிற அதே நாள். ஸவாஹிரா உள்ளேயிருந்து உம்மாவின் காதில் சொல்ல, வரச் சொன்னார்கள்.

பிறகு இப்றாஹீம் முதலாளிக்குச் சொல்லி அனுப்பினாள். சாடிகளில் நல்ல காய் இருக்கிறது, திருவிழாவுக்குக் கொடுத்துவிட்டால் வியாபாரம் நிற்கும். தன் அடுப்பைத் தானே எரித்துக்கொள்வாள், காமிலாவை மட்டும் திருப்பி அனுப்பினால் போதும் என்று. முதலாளி சிரித்திருக்கிறார். தட்டில் காற்றாட வைத்ததே நிற்கவில்லை, மண்ணுக்குள் மூடி வைத்தது நிற்குமா என்பது அவர் கேள்வி. ஆனாலும் அவர் நியாயஸ்தர், அடுத்த தடவை பதுளைக்கு வந்தபோது திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒரு முடிவு சொன்னார். "வண்டிக்காரனுக்குப் பழத்தை ஏத்திக் குடுத்தா அவ இங்கேயே இருக்கட்டும், புள்ளையையும் விட்டுட்டுப் போறேன். இல்லாட்டி அண்டைக்கே என்னோட வரணும்" என்றார். திரைக்கு அந்தப் பக்கம் ஸவாஹிரா சம்மதம் என்று தலையை ஆட்டினாள் என்று உம்மா சொன்னார்.

இத்தா முடிகிற நாளன்று உறவுக்காரர்களைக் கூப்பிட்டு, மவுத்தானவர் பேரில் ஓதிச் சாப்பாடு போடுவது வழக்கம். ஹாலிஎல, பசறை, பண்டாரவளை என்று எல்லாப் பக்கமிருந்தும் வந்தார்கள். ஐம்பது பேர் வருவார்கள் என்று பார்த்தால் வீடும் தெருவும் நிறைந்துவிட்டது. மஹ்ரூப் நானா அவ்வளவு நல்ல மனுஷன். வெயிலோ மண்டையைப் பிளந்தது. பாயில் உட்கார்ந்தவர்கள் தாகம் தாகம் என்றார்கள். சீனியைக் கரைத்து வைத்துவிட்டுத் தேசிக்காய்க்கு ஆள் ஓடினால், சந்தையில் ஒன்றுமில்லை. தேசிக்காய் வியாபாரி வீட்டுச் சாப்பாட்டில் சர்பத் இல்லையா என்று யாரோ பகடியாகக் கேட்டார்கள். இப்றாஹீம் முதலாளியின் முகம் சுண்டிப் போனது.

அங்கேதான் என் உம்மா வாயைத் திறந்தார். சாடியில் இருக்கிறது, ஒன்றை மட்டும் திறவுங்கள் என்றார். ஏன் சொன்னார் என்று பின்னால் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். விருந்தாளிகள் முன்னால் அந்த வீட்டு மானம் போகக்கூடாது என்பது ஒன்று. அதைவிட, நாலு மாதமாக அந்தப் பெண் சொன்னது பொய்யில்லை என்று இப்றாஹீமின் கண்ணுக்கு முன்னாலேயே காட்ட வேண்டும் என்ற ஆசை. ஒரு சாடி போனாலும் மூன்று சாடி வண்டிக்குப் போதும் என்று அவர் கணக்குப் போட்டார். சொல்லிவிட்டு ஸவாஹிராவைக் குளிப்பாட்டி உடை மாற்றப் பின்னறைக்குப் போய்விட்டார்.

களிமண்ணைத் தட்டிப் பலகையைத் தூக்கினார்கள். மணலை விலக்கினால் காய். தோல் கொஞ்சம் மஞ்சளித்திருந்ததே தவிர ஒரு சுருக்கம் இல்லை. வெட்டினால் கண்ணில் தெறித்தது. இப்றாஹீம் முதலாளி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். அவர் கண் நிறைந்துவிட்டது. "தம்பியோட கைராசி இன்னும் இந்த வீட்டை விட்டுப் போகல்ல" என்றார். கேட்டவர்கள் சுப்ஹானல்லாஹ் என்றார்கள். அவ்வளவுதான். அது மவுத்தான மனிதனின் பரக்கத் என்று ஆன பிறகு அதை மூடி வைக்க யாருக்கு மனம் வரும்? அவர் பேரில் எல்லோர் வாயிலும் ஒரு மிடறு படட்டும் என்று முதலாளியே சொன்னார். அடுத்த சாடியின் களிமண்ணையும் தட்டினார்கள். சித்திரை வைகாசியில் தேசிக்காய் சர்பத் என்று கேள்விப்பட்டுக் கூப்பிடாதவர்களும் வந்தார்கள். நானும் இரண்டு கோப்பை குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

பின்னறையில் உம்மா ஸவாஹிராவுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். வாசம் அங்கே வந்ததும் அவள் உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை சாடி ராத்தா?"

"ஒண்டுதான் புள்ள. நான்தான் சொன்னேன், ஒண்டுதான்."

அவள் மறுபடியும் மூச்சை இழுத்தாள். இது ஒரு சாடி வாசமில்லை என்றாள். உம்மா ஓடிப்போய்ப் பார்த்திருக்கலாம். ஆனால் முன்னால் துஆ ஓத ஆரம்பித்துவிட்டார்கள், துஆ முடியாமல் இத்தா முடியாது, இவ்வளவு நாள் காத்துக் கடைசி நாழிகையில் குறை வைக்கக்கூடாது என்று அவளையும் பிடித்து உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்துகொண்டார். உம்மா அதைச் சொல்லும்போதெல்லாம் அழுவார். எனக்கு அவர்மேல் கோபம் வரும், பிறகு கோபப்பட்டு என்ன என்று தோன்றும்.

துஆ முடிந்ததும் ஹம்ஸியா கோப்பையில் சர்பத் கொண்டுவந்து தன் கையாலேயே அவளுக்குக் குடிக்கக் கொடுத்தாள். அருமையான மனுஷி ஹம்ஸியா, சந்தோஷத்தில் முகமெல்லாம் வியர்த்திருந்தது. ஒங்க காய் எல்லாருக்கும் போதுமாயிருந்தது மதினி, ஒரு ஆள் குறையில்லை என்று சொன்னாள். ஸவாஹிரா ஒரு மிடறு குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, நாலு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சரக்கு அறைக்குப் போனாள். நாலு சாடியும் கவிழ்ந்து கிடந்தன. மணலைத் தரையில் கொட்டியிருந்தார்கள். அவள் குந்தி உட்கார்ந்து மணலுக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவினாள். காமிலா வாசலில் வந்து நின்றது, இடுப்பில் ஹம்ஸியாவின் குழந்தையோடு. என்ன உம்மா தேடுறீங்க என்று கேட்டது. ஒண்டுமில்ல என்றாள்.

சின்னராசாவின் வண்டி சொன்ன நேரத்துக்கு வந்து பின்வேலியில் நின்றது. விசேஷ வீடு என்று தெரிந்து அவனுக்கும் ஒரு செம்பு சர்பத் கொடுத்திருந்தார்கள். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "பழம் நல்லா இருக்குங்க. ஏத்திக்கிடலாங்களா?" என்றான். அப்போது ஸவாஹிரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேலி வரை வந்தாள். எதிர்வீட்டில் இருந்தும் அவள் குரலை நான் அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். "பழம் இல்லைங்க. கங்காணிய வேற இடம் பாத்துக்கச் சொல்லுங்க" என்றாள். அவன் வீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரிங்கம்மா என்றான்.

இப்றாஹீம் முதலாளி பேச்சு மாறாதவர். வண்டிக்குப் பழம் ஏறவில்லை, அதனால் அன்றைக்கே புறப்பட வேண்டும். காய் எங்கே போனது என்று அவருக்குத் தெரியாதா என்று கேட்கலாம். தெரியும்தான். அது மகளுக்கும் தாய்க்கும் வைத்திருந்த அடுப்பு என்று மட்டும் அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. தம்பி மிச்சம் வைத்ததை அவன் பேரிலேயே நல்லபடி முடித்துவிட்டோம் என்ற நிம்மதிதான் அவர் முகத்தில் இருந்தது. அவளிடம் கனிவாகத்தான் பேசினார். ஸவாஹிரா ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருக்கலாம் என்று நான் நினைப்பதுண்டு. சொல்லியிருந்தால் செத்துப்போன புருஷன் பேரில் கொடுத்த ஒரு மிடறு தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கிறவள் ஆகியிருப்பாள். அத்தனை உறவுக்கு முன்னால் அதை எந்தப் பெண்ணால் சொல்ல முடியும்?

பண்டாரவளைக்கு வேறு வண்டி தேட வேண்டியதில்லை என்று முதலாளி சொன்னார். சின்னராசாவின் வண்டி வெறுமையாகத்தானே நிற்கிறது, அதையே பேசிவிட்டார். பெட்டியையும் அம்மியையும் ஏற்றினார்கள், சுற்றிச் சீலை கட்டினார்கள். பழத்துக்கென்று அவன் கொண்டுவந்திருந்த சாக்குகளை உதறி விரித்து, அவளையும் மகளையும் அதன்மேல் உட்கார வைத்தார்கள்.